அறுத்த கயிறும் அக்கரை தெரியாத ஆறும்

எங்கள் ஊரில் இந்தக் கதை மூன்று விதமாக உலவுகிறது. அறுபதை நெருங்குகிற வயதில் ஊர் சுற்றக் கிளம்பினார்கள், சாமி தடுத்துவிட்டது என்பது ஒன்று. கட்டிய பெண்டாட்டியே புருஷன் இடுப்புக் கயிற்றை அறுத்தாள், என்ன நெஞ்சழுத்தம் என்பது இன்னொன்று. அது வெறும் டெங்கு, ஆஸ்பத்திரிக்காரர்கள் பெரிதுபடுத்திவிட்டார்கள் என்பது மூன்றாவது. இவற்றில் இரண்டாவது மட்டும் உண்மை. அதையும் சொல்கிறவர்கள் பாதியிலேயே நிறுத்திக்கொள்கிறார்கள். அதனால் முழுசாக நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் பாண்டியம்மாள். தாடிக்கொம்புக்குப் பக்கத்தில் அகரத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் மல்லிகைத் தோட்டம் இருக்கிறது. வீட்டுக்காரர் பெயர் சௌந்தரராஜன். புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்று வளர்த்தவர்கள்தான் என்னையும் வளர்த்தார்கள். ஆனால் ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு சன்னலிலும் நின்று அந்தப் பெயரை உரக்கச் சொன்ன பிறகு கூச்சம் போய்விட்டது.

மல்லிகை வைத்திருப்பவர்களுக்கு விடுமுறை கிடையாது. விடிவதற்குள் மொட்டைப் பறித்து மார்க்கெட்டுக்கு அனுப்பியாக வேண்டும். ஒரு நாள் தூங்கிவிட்டால் மொட்டு மலர்ந்துவிடும், மலர்ந்த பூவை வாங்க ஆள் இருக்காது. கல்யாணமோ காதுகுத்தோ கருமாதியோ, பறித்துப் போட்டுவிட்டுத்தான் போவோம், மறுநாள் பறிப்புக்குள் திரும்பிவிடுவோம். கார்த்திகைக் கடைசியில் செடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவதைக் கவாத்து என்போம். அதற்கப்புறம் மொட்டுப் பிடிக்க மாசி ஆகிவிடும். வருஷத்தில் அந்த இரண்டு மாதம்தான் நாங்கள் நினைத்த நேரத்துக்கு எழுந்திருக்கலாம்.

எங்கள் ஒரே மகள் கோகிலா ஆறாம் வகுப்புப் படித்தபோது ஒரு நாள் புவியியல் பாடத்தைச் சத்தம் போட்டுப் படித்தாள். பிரம்மபுத்திராவில் சில இடங்களில் இந்தக் கரையில் நின்றால் அக்கரை கண்ணுக்குத் தெரியாது என்று அதில் வந்தது. செடிக்கு மருந்து கலக்கிக்கொண்டிருந்த இவர் நிமிர்ந்தார்.

"அது எப்படித்தா அக்கரை தெரியாம இருக்கும்? அப்ப அதுக்குப் பேரு கடலுல்ல?"

"புஸ்தகத்துல போட்டுருக்குப்பா."

"புஸ்தகம் எழுதுனவனுக்குக் கண்ணு சரியில்லன்னு சொல்லு."

எங்களுக்குத் தெரிந்த ஆறு குடகனாறு ஒன்றுதான். பாதி வருஷம் அதில் ஆடு மேயும். மழை வந்து தண்ணீர் போனாலும் அந்தக் கரையில் நிற்கிறவன் மூக்கைச் சொறிவது இந்தக் கரைக்குத் தெரியும். நான் புத்தகத்தின் பக்கம் சேர்ந்தேன், அவர் தன் கண்ணின் பக்கம். பந்தயம் கட்டினோம். தோற்றவர் ஒரு மாதம் காலைக் காப்பி போட வேண்டும்.

அடுத்த கவாத்துக்கே போய்ப் பார்த்துவிடுவது என்று பேச்சு. இருபது கவாத்துக்கு மேல் போய்விட்டது. ஒரு கவாத்தில் ஆழ்துளைக் கிணறு மண் மூடிக்கொண்டது, ஒன்றில் கோகிலாவின் கல்யாணம், ஒன்றில் ஊர் உலகமே கதவடைத்துக் கிடந்தது. போன கவாத்தில் கோகிலா எங்களைக் கேட்காமலே டிக்கெட் போட்டுவிட்டாள். திண்டுக்கல்லில் ஏறி, வண்டி மாறி, நாலு நாளில் அஸ்ஸாமில் திப்ருகர் என்ற ஊர். மார்கழியில் புறப்பாடு.

இவர் பத்து நாள் முன்னாடியே பையைக் கட்ட ஆரம்பித்தார். ரெண்டு ஸ்வெட்டர், ரெண்டு குரங்குக் குல்லா, ஊதினால் தலையணையாகிற ரப்பர் பை, பிளாஸ்டிக் குவளை, டார்ச், இட்லிப் பொடி, ரயிலில் திருடு போகாமலிருக்கச் சங்கிலியும் பூட்டும். தினமும் எடுத்து வெளியே வைத்து மறுபடி அடுக்குவார்.

அதற்குக் கொஞ்ச நாள் முன்னால், கவாத்து முடிந்த கையோடு, வரப்போரம் மண்டிக் கிடந்த புதரை இவர் தனியாளாக வெட்டினார். மதியம் அந்தப் புல்லின் மேலேயே துண்டை விரித்துச் செத்த நேரம் படுத்துத் தூங்கியிருக்கிறார். இந்தத் தூக்கத்தை நீங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, "இடுப்புல கயிறு அறுக்குது புள்ள" என்றார்.

"எண்ணெயத் தொட்டு வைங்க" என்றேன். பையில் இட்லிப் பொடி கொட்டிவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்தக் கயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரைஞாண் கயிறு எங்கள் பக்கத்து ஆண்கள் எல்லோருக்கும் உண்டு. இவருடையது மூன்று புரிக் கறுப்புக் கயிறு, ஒரு செப்புத் தாயத்தோடு. நாலு வயசில் இவருக்குத் தாய் செத்துப்போனாள். வளர்த்தது பதிமூன்று வயசு அக்கா ரெங்கம்மாள். அந்தத் தாயத்து அவர்கள் அம்மா கட்டியது. ஒவ்வொரு ஆடிக்கும் என் நாத்தனார் ரெட்டியார்சத்திரத்திலிருந்து பஸ் ஏறி வந்து தம்பிக்குப் புதுக்கயிறு கட்டுவார். புதுசைக் கட்டி முடிச்சுப் போட்ட பிறகுதான் பழசை அறுப்பார். ஆண்பிள்ளை இடுப்பு ஒரு கண் சிமிட்டும் நேரம்கூட வெறுமனே இருக்கக் கூடாது, அது சுடுகாட்டுக்குப் போகிற அன்றைக்கு மட்டும்தான் என்பது அவர் நம்பிக்கை. அவர் நம்பிக்கை மட்டுமா, ஊரில் பாதிப் பேருக்கு அதுதான்.

புறப்பட ஐந்து நாள் இருக்கும்போது காய்ச்சல் வந்தது. மிளகுக் கஷாயம், காய்ச்சல் மாத்திரை என்று இரண்டு நாள் ஓட்டினோம். மூன்றாம் நாள் தலையைத் தூக்க முடியாமல் கிடந்தார். ஆட்டோ பிடித்துத் திண்டுக்கல்லுக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அவசரத்தில் மாற்றுத் துணி எடுத்து வைக்க நேரமில்லை. கட்டி வைத்திருந்த பயணப் பையையே தூக்கிக்கொண்டு ஓடினேன்.

டாக்டர் சின்ன வயசுக்காரர், ஆனால் பொறுமைசாலி. கேட்க வேண்டிய கேள்வியை முதல் நாளே கேட்டார். இதை எழுதி வைக்கிறேன், ஏனென்றால் ஊரில் அவரைத் திட்டுகிறார்கள்.

"தோட்ட வேலையா? புதரு கிதரு வெட்டுனீங்களா? உடம்புல எங்கயாச்சும் கருப்பா பொருக்குத் தட்டுன மாதிரி புண்ணு இருக்கா?"

"தோட்ட வேலதானுங்க, புதரும் வெட்டுனேன். புண்ணெல்லாம் ஒன்னுமில்லீங்க" என்றார் இவர்.

"அம்மா, நீங்க பாத்தீங்களா?"

"இல்லீங்க சார்" என்றேன் நான்.

டாக்டர் நெஞ்சு, முதுகு, அக்குள் எல்லாம் பார்த்தார். வேட்டியைத் தளர்த்தச் சொன்னபோது, பக்கத்தில் நர்ஸ் நிற்கிறது என்று இவர் கயிற்றோடு சேர்த்து வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். டாக்டர் வயிற்றை மட்டும் அமுக்கிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். நாங்கள் பொய் சொல்லவில்லை. கயிறு உரசி இடுப்பு கறுத்துக் கன்றிப் போவது எங்கள் ஆண்களுக்கு வழக்கம். மண்வெட்டி பிடித்த கையில் காய்ப்பு இருப்பதைப் புண் என்று டாக்டரிடம் யாராவது சொல்வார்களா? இதையும் அப்படித்தான் நினைத்தோம். எங்கள் இருவருக்கும் அந்த நிமிஷத்தில் அது ஞாபகத்துக்கே வரவில்லை.

ரத்தம் எடுத்தார்கள். டெங்கு இல்லை, டைபாய்டு இல்லை என்று வந்தது. பூச்சிக் காய்ச்சலுக்கென்று ஒரு பரிசோதனை, அதிலும் ஒன்றும் இல்லை. காய்ச்சல் மட்டும் நூற்று மூன்றில் நின்றது. தட்டணு என்று ஒன்று சொன்னார்கள். ரத்தக் குழாயில் ஓட்டை விழுந்தால் ஓடிப்போய் அடைக்கிற அணுவாம். அது ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும், இவருக்கு நாளுக்கு நாள் இறங்கி நாற்பதாயிரத்துக்கு வந்துவிட்டது. ஏதோ கிருமி என்று தெரிகிறது, எது என்று தெரியவில்லை என்றார் டாக்டர். ஊசி மருந்து போட்டார்கள், அது இந்தக் கிருமியை ஒன்றும் செய்யவில்லை.

வார்டில் அஸ்ஸாம் பை நன்றாக உழைத்தது. ரப்பர் பையை ஊதி இவர் முதுகுக்கு வைத்தேன். இட்லிப் பொடியைக் குழைத்து நான் தின்றேன். பையைக் கட்டில் காலில் சங்கிலி போட்டுப் பூட்டிவைத்தேன். பக்கத்துக் கட்டிலில் கால் ஒடிந்து படுத்திருந்த பெரியவர், "ஏத்தா, எந்த ஊருக்குக் கிளம்புற?" என்று கேட்டுச் சிரித்தார். திப்ருகர் என்றேன். அது வேடசந்தூருக்கு அங்கிட்டா இங்கிட்டா என்றார்.

வண்டி புறப்படுகிற நாள் வந்தது. கோகிலா ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்திருந்தாள். அங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சர். போனைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கி வந்தாள்.

"அம்மா, டிக்கெட்ட கேன்சல் பண்ணிரட்டா? இப்பப் பண்ணுனா கொஞ்சமாச்சும் திரும்பி வரும்."

"பண்ணாத."

"ஏம்மா, சும்மா போகுது..."

"பண்ணாதன்னா பண்ணாத. வண்டி அதுபாட்டுக்குப் போகட்டும். நாமளா வரலைன்னு சொல்லக் கூடாது."

அவளுக்கு அது வீம்பாகத் தெரிந்திருக்கும். வீம்புதான். ரத்து என்ற பொத்தானை அமுக்கினால் அவர் எழுந்திருக்க மாட்டார் என்பதற்கு நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி எனக்குப் பட்டது. வண்டி கிளம்பும் நேரத்துக்கு இவர் கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த ஐந்தாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. விரலில் ஒரு கிளிப் மாட்டி ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று பார்ப்பார்கள். தொண்ணூற்றைந்துக்கு மேல் காட்ட வேண்டிய எண் எண்பத்தேழைக் காட்டியது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். மூக்கிலும் வாயிலும் சேர்த்து ஒரு முகமூடி. சொன்னது புரிந்ததா புரியவில்லையா என்று தெரியாத ஒரு பார்வை. நுரையீரலும் கல்லீரலும் பாதிக்கப்பட்டிருக்கிறது, ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு மதுரைக்கு அனுப்ப வேண்டியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அவர் குரலில் முதல் நாள் இருந்த தெம்பு இல்லை. அதுவரைக்கும் இவர் செத்துப்போகலாம் என்று நான் நினைக்கவே இல்லை.

காலை பதினொரு மணி இருக்கும். ஸ்கேனுக்குத் தயார் பண்ண நர்ஸ் ஜெசிந்தா என்னை உள்ளே கூப்பிட்டது. அன்று காலைதான் மகனோடு வந்து சேர்ந்திருந்த என் நாத்தனாரும் கூடவே நுழைந்துவிட்டார்.

"ஏனுங்கம்மா, இடுப்புல கயிறு கெடக்குதுங்க, தாயத்து வேற. ஸ்கேனுக்கு அதக் கழட்டோணுமுங்க" என்றது ஜெசிந்தா.

"கழட்டவா?" என்றார் ரெங்கம்மாள். "யாரு கயித்த யாரு கழட்டுறது? அவன் உசுரோட இருக்கான் தாயி, பாத்துக்க."

"படத்துல நெழல் உழுகுமுங்க பாட்டி."

"அப்பச் செத்த நேரம் பொறு. எம்மகன வெளிய அனுப்பிப் புதுக்கயிறு வாங்கியாரச் சொல்றேன். அதக் கட்டிட்டு இத அறுத்துக்கலாம்."

"ஆளுங்க காத்துக்கிட்டு இருக்கறாங்க. இன்னொருத்தர உட்டுட்டா அப்பறம் சாயங்காலந்தானுங்க." அந்தப் பெண் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னது: "போன மாசம் ஒருத்தருக்கு நான் வெட்டப் போயி, வீட்டாளுங்க அடிக்கவே வந்துட்டாங்க. நீங்களே வெட்டிருங்கம்மா."

பக்கத்துத் தட்டிலிருந்து கத்திரியை எடுத்து நீட்டியது. நான் வாங்கினேன்.

"பாண்டி! வேணாம்த்தா!" என் நாத்தனார் கத்திவிட்டார். "அது எங்காத்தா கட்டுனதுடி. அத அறுத்தா அவன் இடுப்பு வெறுமனே கெடக்கும். அறுக்குறது எப்பன்னு உனக்குத் தெரியாதா? நீயே அவன அனுப்பி வைக்கிறியா?"

தெரியும். எனக்குத் தெரியாதா? என் அப்பனுக்கு அறுத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இவர் பாதி மயக்கத்திலும் கையைக் கொண்டுபோய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். அந்த விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தேன். வருஷா வருஷம் ஐயாயிரம் செடிக்குக் கவாத்து வெட்டுகிற கை இது. வெட்டினால்தான் துளிர்க்கும் என்று தெரிந்த கை. மூன்று புரியையும் ஒரே வெட்டில் அறுத்தேன். ரெங்கம்மாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கயிற்றை உருவியதும் ஜெசிந்தா குனிந்து பார்த்தது. "இது என்னங்கம்மா?" என்றது. இடது இடுப்பில், கயிறும் தாயத்தும் சேர்ந்து அழுத்திக்கொண்டிருந்த இடத்தில், மிளகைவிடக் கொஞ்சம் பெரிசாக ஒரு கறுப்புப் பொருக்கு. சுற்றிலும் சிவப்பாக வளையம். பீடி நெருப்பால் சுட்ட மாதிரி இருந்தது.

அந்தப் பெண் ஸ்கேனை மறந்துவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடியது. டாக்டர் வந்து டார்ச் அடித்துப் பார்த்தார். என்னிடம் கேட்டார், கோபமாக இல்லை, கெஞ்சுகிற மாதிரி: "அம்மா, இது எத்தன நாளா இருக்கு?"

கயிறு அறுக்கிறது என்று இவர் சொன்னதும், நான் எண்ணெய் வைக்கச் சொன்னதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. சொன்னேன். சொல்லும்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

அதன் பெயர் ஸ்க்ரப் டைபஸ். நம் ஆட்கள் உண்ணிக் காய்ச்சல் என்கிறார்கள். புதரிலும் புல்லிலும் கண்ணுக்கே தெரியாத பூச்சிக் குஞ்சுகள் இருக்குமாம். உடம்பில் ஏறி, துணியோ கயிறோ இறுக்குகிற இடமாகப் பார்த்துக் கடிக்குமாம். வலிக்காது. பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வரும். கடித்த இடத்தில் இந்தக் கறுப்புப் பொருக்கு உண்டாகும், அதைப் பார்த்துவிட்டால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது. ரத்தப் பரிசோதனையில் ஏன் தெரியவில்லை என்று கேட்டேன். காய்ச்சல் வந்து ஒரு வாரமாவது ஆனால்தான் அதில் தெரியுமாம், எடுத்தது மூன்றாம் நாள். இதற்கென்று தனி மருந்து இருக்கிறது, ரொம்பச் சாதாரண மருந்து, கிராமத்துச் சுகாதார நிலையத்தில்கூடக் கிடைக்கும் என்றார். அன்றைக்கே ஆரம்பித்தார்கள்.

"ரெண்டு நாள் பாப்போம்மா. கேட்டா ரெண்டு நாள்ல கேக்கும். லேட்டாயிருச்சு, அதான் யோசிக்கிறேன்" என்றார்.

அந்த இரண்டு நாளை எப்படிச் சொல்வது? வெளியே கூடத்தில் ஏசிக் குளிரில் அஸ்ஸாமுக்கு வாங்கிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் நாத்தனார் நாலு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார். ஒரே ஒரு தடவை பேசினார்.

"அவனுக்கு ஒன்னு ஆச்சுன்னா, மருந்துன்னு சொல்ல மாட்டேன், பூச்சின்னு சொல்ல மாட்டேன். உன் கையின்னுதான் சொல்லுவேன்."

"சொல்லுங்க மதினி" என்றேன். "ஆனா அதுக்கு முன்னாடி இந்தக் குல்லாவப் போடுங்க. நடுங்குறீங்க."

முறைத்தார். வாங்கிப் போட்டுக்கொண்டார். எழுபதை நெருங்கும் கிழவி குரங்குக் குல்லாவுக்குள் அழுதுகொண்டிருந்தார். சாயங்காலம் பார்த்தால், தான் கொண்டுவந்த ரசஞ்சோற்றில் பாதியைத் தூக்குச்சட்டி மூடியில் வைத்து என் பக்கமாகத் தள்ளியிருந்தார். இன்றைக்கும் அந்த ரசத்தின் ருசி எனக்கு நாக்கில் இருக்கிறது.

உள்ளே ஐந்து நிமிஷம்தான் விடுவார்கள். மறுநாள் போனபோது இவர் கண்ணை மூடிக் கிடந்தார். முகமூடிக்குள் மூச்சு இரைந்தது. எனக்குச் சாமியிடம் பேரம் பேசத் தெரியாது, இவரிடம்தான் தெரியும். காதருகில் குனிந்தேன்.

"இங்க பாருங்க. நீங்க சொன்னதுதான் சரி. அக்கரை தெரியும். தெரியாம எப்படி ஒரு ஆறு இருக்கும்? நான் தோத்துட்டேன், ஒத்துக்கிறேன். காப்பி நானே போடுறேன், ஒரு மாசம் என்ன, ஆயுசுக்கும் போடுறேன். எந்திரிச்சு மட்டும் வந்துருங்க."

கண் திறக்கவில்லை. கை அசையவில்லை. நேரமாகிவிட்டது என்று ஜெசிந்தா என் தோளைத் தொட்டது.

அதற்கடுத்த நாள் காலை காய்ச்சல் தொண்ணூற்றொன்பது. மதியம் விரல் கிளிப் தொண்ணூற்று மூன்றைக் காட்டியது. டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார், நான் அவருக்கு முன்னாலேயே விசும்பி அழுதேன். சாயங்காலம் முகமூடியை எடுத்துவிட்டுக் குழாய் மட்டும் வைத்திருந்தார்கள். இவர் கை முதலில் இடுப்பைத் தடவியது.

"கயிறு எங்க?"

"நான்தான் அறுத்தேன்."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறமும் நீ உசுரோட இருக்கியா?"

அந்தப் பேச்சைக் கேட்டதும் என் புருஷன் திரும்பி வந்துவிட்டார் என்று தெரிந்துகொண்டேன். வீட்டுக்கு வர இன்னும் ஆறு நாள் ஆனது. கிளம்பும் அன்றைக்கு ஜெசிந்தா ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்தது. மேலே 'சௌந்தரராஜன்' என்று சீட்டு ஒட்டியிருந்தது. உள்ளே அறுந்த கயிறும் செப்புத் தாயத்தும். "தூக்கிப் போட மனசு வரலீங்கம்மா" என்றது. என் நாத்தனார் அதை வாங்கி மடியில் செருகிக்கொண்டார்.

வீட்டுக்குப் பார்க்க வந்தவர்கள் ஆப்பிளும் அறிவுரையும் கொண்டுவந்தார்கள். "சாமி தடுத்துருச்சு, இனி அந்த நெனப்ப விடுங்க" என்றார்கள். தடுக்க நினைக்கிற சாமிக்கு ஒரு ரயிலை நிறுத்தத் தெரியாதா? கண்ணுக்குத் தெரியாத பூச்சியை அனுப்பி, கயிற்றுக்குள் ஒளித்துவைத்துத்தான் தடுக்குமா? அப்படிப்பட்ட சாமியோடு எனக்குப் பேச்சில்லை என்றேன். நடுவழியில் ரயிலில் காய்ச்சல் வந்திருந்தால் என்ன கதி என்றும் கேட்டார்கள். அது நியாயமான கேள்வி. ஆனால் காய்ச்சல் வந்தது ரயிலில் இல்லை, எங்கள் சொந்த வரப்பில் படுத்துத் தூங்கியதால். தூங்கப் போகாதே என்று யாரும் சொல்லவில்லை, ஊருக்குப் போகாதே என்றுதான் சொன்னார்கள்.

தை போனது, மாசியில் மொட்டு வந்தது. அடுத்த கவாத்துக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இவரே சொல்ல ஆரம்பித்தார். எனக்குச் சுரீர் என்றது. அடுத்த கவாத்து, அடுத்த கவாத்து என்றுதான் இருபது வருஷத்தைத் தொலைத்தோம். டாக்டரிடம் போய்க் கேட்டேன். உடம்பு தேறிவிட்டது, தாராளமாகப் போகலாம் என்றார். சித்திரைக்கு டிக்கெட் போடு என்று கோகிலாவிடம் சொன்னேன்.

சித்திரை என்றால் பூ கொட்டுகிற காலம். பறிக்கப் பறிக்க வரும். எங்களிடம் பறிக்கிற ஆறு பெண்களையும் கூப்பிட்டு, "பதினஞ்சு நாளைக்குத் தோட்டம் உங்களுது. பறிங்க, வித்துக்கங்க, பறிக்காட்டியும் போகட்டும்" என்றேன். அவர்கள் வாயைப் பிளந்தார்கள். பூத்திருக்கும்போது தோட்டத்தை விட்டுப்போன மல்லிகைக்காரி எங்கள் ஊரில் அதற்கு முன் கிடையாது.

புறப்படுகிற அன்று காலை முதல் பஸ்ஸில் என் நாத்தனார் வந்து இறங்கினார். கையில் புதுக் கறுப்புக் கயிறு, பழைய தாயத்து. நான்கு மாதமாக இவர் இடுப்பு வெறுமனேதான் கிடந்தது, ஆளும் நன்றாகத்தான் இருந்தார். சண்டைக்குத் தயாராக நான் இடுப்பில் கை வைத்து நின்றேன். அவர் என்னைக் கண்டுகொள்ளவில்லை. தம்பியை நிற்கவைத்துக் கயிற்றைச் சுற்றினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"ஏத்தா, இங்க வா. இந்த முடிச்சப் பாரு."

வழக்கமான இறுக்கு முடிச்சு இல்லை. ஒரு நுனியைச் சுண்டி இழுத்தால் மொத்தமும் அவிழ்ந்துவிடுகிற முடிச்சு. மூன்று தடவை போட்டுக் காட்டி, என்னையும் போடவைத்துப் பார்த்தார்.

"தெனமும் குளிக்கையில அவுத்துப் பாக்கணும். அடியில என்ன இருக்குன்னு பாத்துட்டுக் கட்டு. புது ஊரு, என்ன பூச்சி இருக்கோ." அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்: "கத்திரியெல்லாம் வேணாம். இழுத்தாப் போதும்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அதே பை, அதே சங்கிலி, அதே பூட்டு. சித்திரையில் ஸ்வெட்டர் எதற்கு என்று கோகிலா சிரித்தாள், இருந்தாலும் வைத்தோம். ஆந்திராவில் கோதாவரி வந்தபோது இவர் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு "இதுவா?" என்றார். இல்லை என்றேன். ஒரிசாவில் மகாநதிக்கும் "இதுவா?" என்றார். ஒவ்வொரு பாலத்திலும் அக்கரை தெரிந்ததைக் குறித்து வைத்துக்கொண்டார்.

திப்ருகரில் ஆற்றுக்குப் பக்கத்திலேயே அறை கிடைத்தது. விடிந்ததும் கரை மேட்டில் ஏறி நின்றோம். தண்ணீர். இத்தனை வருஷம் ஆயிரம் அடி தோண்டி நாங்கள் தேடிய தண்ணீர் அங்கே கேட்பாரில்லாமல் போய்க்கொண்டிருந்தது. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு அழுகை வந்தது. இவர் நெற்றியில் கையை வைத்து அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தா" என்றார் கடைசியில். "அக்கரை. பச்சையாத் தெரியுது பாரு."

டீக்கடைக்காரரிடம் கையைக் காட்டிக் கேட்டேன். அவர் சிரித்து, தலையை ஆட்டி, கையாலேயே விளக்கினார். அது ஆற்று நடுவிலிருக்கும் மணல் திட்டாம். அதற்கு அப்பாலும் ஆறுதானாம். அதற்கு அப்பால் எங்கள் கண்ணுக்கு வெறும் மூட்டம்தான் தெரிந்தது.

"கேட்டீங்களா? தோத்தீங்க. ஒரு மாசம் காப்பி" என்றேன்.

இவர் டீயை ஒரு வாய் குடித்தார். ஆற்றைப் பார்த்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார்.

"அதெப்படி? நீதான் ஆஸ்பத்திரியிலயே ஒத்துக்கிட்டியே. அக்கரை தெரியும், ஆயுசுக்கும் நானே காப்பி போடுறேன்னு."

நான்கு மாதத்தில் ஒரு தடவைகூட இவர் அதைச் சொன்னதில்லை. அந்த முகமூடிக்குள்ளிருந்து அத்தனையும் கேட்டுக்கொண்டுதான் கிடந்திருக்கிறார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அதற்காக விட்டுவிட முடியுமா?

"அது ஆஸ்பத்திரிப் பேச்சு" என்றேன். "இங்க செல்லாது."